கணக்கில் ஏறாத கடன்

முதல் உலகப் போரில் பிரான்ஸ் மண்ணில் நின்ற ஆங்கிலச் சிப்பாய்களுக்கு ஜெஃப்ரி ஸ்டடர்ட் கென்னடி என்ற முழுப்பெயர் அவ்வளவாகப் பழக்கமில்லை. அவர்களுக்கு அவர் 'வுட்பைன் வில்லி'. வுட்பைன் என்பது அந்நாளில் ஏழைகள் புகைத்த மலிவான சிகரெட்டின் பெயர். அதைத் தயாரித்தது பிரிஸ்டல் நகரத்து வில்ஸ் நிறுவனம். நம் ஊர்ப் பெட்டிக்கடைகளில் தலைமுறை தலைமுறையாகப் புழங்கிய அதே வில்ஸ்தான். ஒரு கிறிஸ்தவப் பாதிரியாருக்கு இப்படியொரு பட்டப்பெயர் ஏன் வந்தது என்று கேட்டால், அதற்கான விடையிலேயே அவருடைய வாழ்க்கையின் பாதி அடங்கியிருக்கிறது. மறுபாதி, போர் முடிந்த பின் அவர் வாழ்ந்த பத்தாண்டுகளில் இருக்கிறது.

நான் கல்லூரியில் நெடுங்காலம் பொருளியல் கற்பித்தவன். இரு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட பிரிட்டனின் பொருளாதாரத்தைப் பாடமாக நடத்தும்போது தங்கத் திட்டம், பொதுக்கடன், வேலையின்மை ஆகியவற்றைக் கரும்பலகையில் எண்களாக எழுதுவோம். அந்த எண்களுக்குப் பின்னால் இருந்த மனிதர்களைக் காண எனக்கு உதவியவர், எந்தப் பொருளியல் பாடத்திட்டத்திலும் இடம்பெறாத இந்தப் பாதிரியார்தான். ஆகவேதான், மத நூல்களை ஆராய்வது என் துறையாக இல்லாதபோதும், அவரைப் பற்றி எழுதத் துணிகிறேன்.

படைகளுடன் மதகுருமார் செல்வது உலகின் பல நாடுகளில் உள்ள வழக்கம். நம் இந்திய ராணுவத்திலும் பண்டிதர், கிரந்தி, மௌல்வி, பாதிரியார் எனச் சமய ஆசிரியர்கள் இன்றும் பணியாற்றுகின்றனர். பிரிட்டிஷ் படையில் இப்பணியில் இருப்பவரைச் சிப்பாய்கள் 'பாத்ரே' என்று அழைப்பார்கள். அந்தச் சொல், போர்ச்சுகீசியரிடமிருந்து இந்தியாவின் வழியாக ஆங்கிலப் படைக்குச் சென்றது. நம் 'பாதிரி'யும் அதே வேரிலிருந்து கிளைத்ததுதான். ஆயுதம் ஏந்தாதவர், ஆனால் ஆயுதம் ஏந்தியவர்களின் நடுவே வாழ்பவர். சாகப்போகிறவனுக்கும் கொல்லப்போகிறவனுக்கும் ஒரே நேரத்தில் ஆறுதல் சொல்லக் கடமைப்பட்டவர். உலகில் இதைவிடச் சங்கடமான பணி வேறு இருக்குமா என்பது ஐயமே.

ஸ்டடர்ட் கென்னடி 1883 ஜூன் 27-ஆம் தேதி வடக்கு இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் பிறந்தார். ஒன்பது பிள்ளைகளில் ஏழாவது. தந்தை, அந்நகரின் ஏழைகள் நெருக்கியடித்து வாழ்ந்த குவாரி ஹில் பகுதியில் இருந்த புனித மரியாள் ஆலயத்தின் குரு. குடும்பத்தின் பூர்வீகம் அயர்லாந்து. டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் பயின்று 1904-இல் பட்டம் பெற்றார். குருத்துவப் பயிற்சிக்குப் பின் ரக்பி நகரில் உதவிக் குருவாக இருந்தார். 1914-இல் வூஸ்டர் நகரின் புனித பவுல் ஆலயத்துக்குப் பொறுப்பேற்றார். அதுவும் ஏழைகளின் பங்குதான். குழந்தைப் பருவம் முதல் கண்டு பழகிய வறுமை, எங்கு சென்றாலும் அவர் கூடவே வந்தது.

கையில் இருப்பதைக் கொடுத்துவிடுவது அவர் இயல்பு. போட்டிருந்த மேலங்கியைக் கழற்றிக் கொடுத்துவிட்டுக் குளிரில் நடுங்கியபடி வீடு திரும்பியதும், நோயாளி ஒருவருக்காக வீட்டுக் கட்டிலையே கொடுத்தனுப்பியதும் அவரைப் பற்றி வழிவழியாகச் சொல்லப்படுபவை. அவர் மனைவி எமிலி எவ்வளவு பொறுமைசாலியாக இருந்திருக்க வேண்டும் என்பதை வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம். பெரிய உடல்வலு உடையவரும் இல்லை. ஆஸ்துமா அவரை வாழ்நாள் முழுவதும் வாட்டியது. அப்படியிருந்தும் போர் மூண்டபோது படையில் சேர முன்வந்தார். 1915 டிசம்பரில் பிரான்ஸ் சென்றார்.

தொடக்கத்தில் அவர் பணியாற்றிய இடம் ரூவான் நகர ரயில் நிலையம். கப்பலில் வந்திறங்கிய வீரர்கள் அங்கிருந்துதான் ரயிலேறிப் போர்முனைக்குச் செல்வார்கள். அவர்களில் பலர் திரும்பி வரப்போவதில்லை என்பது அவர்களுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். காத்திருக்கும் நேரத்தில் அவர்களோடு சேர்ந்து பாடுவார். எழுதத் தெரியாதவர்களுக்காக வீட்டுக்குக் கடிதம் எழுதித் தருவார். ரயில் புறப்படும் நேரத்தில் பெட்டி பெட்டியாக ஓடி, ஒரு பையிலிருந்து புதிய ஏற்பாட்டையும் மறு பையிலிருந்து வுட்பைன் சிகரெட்டையும் எடுத்து நீட்டுவார். பட்டப்பெயர் பிறந்தது இப்படித்தான். சிகரெட்டின் தீமை குறித்து இன்று நாம் அறிந்தவற்றைக் கொண்டு அந்தக் காட்சியை அளக்கக் கூடாது. நாளை உயிரோடு இருப்போமா என்று தெரியாத பத்தொன்பது வயது இளைஞனுக்கு, ஒரு மனிதர் தன்னைப் பெயர் சொல்லி அழைத்து எதையோ கையில் கொடுத்தார் என்பதுதான் அதில் முக்கியம்.

அவரிடம் யோசனை கேட்டு வந்தவர்களுள் ஒருவர் தியடோர் பெய்லி ஹார்டி. ஐம்பது வயதைக் கடந்த, கூச்ச சுபாவம் கொண்ட பாதிரியார். போர்முனைக்குச் சென்று என்ன செய்வது என்று தெரியாமல் தவித்தவர். சிப்பாய்களோடு வாழுங்கள், அவர்கள் எங்கு செல்கிறார்களோ அங்கெல்லாம் செல்லுங்கள், பின்வரிசையில் பாதுகாப்பாக இருந்துகொண்டு பிரசங்கம் செய்தால் எவரும் காதில் வாங்க மாட்டார்கள் என்பதே இளையவரான கென்னடி மூத்தவரான ஹார்டிக்குச் சொன்ன யோசனையின் சாரம். போரின் தொடக்கத்தில் பாதிரியார்களை முன்வரிசைப் பதுங்குகுழிகளுக்குச் செல்ல விடாமல் பின்னாலேயே நிறுத்திவைக்கும் போக்குதான் இருந்தது. அதற்கு நேர்மாறானது இந்த அறிவுரை. ஹார்டி அதை எழுத்துக்கு எழுத்துக் கடைப்பிடித்தார். காயம்பட்டவர்களை மீட்பதில் காட்டிய துணிவுக்காக விக்டோரியா கிராஸ் உள்ளிட்ட மூன்று உயரிய விருதுகளைப் பெற்றார். போர் முடிவதற்கு ஒரு மாதம்கூட இல்லாத நிலையில், 1918 அக்டோபரில், காயத்தால் இறந்தார். அறிவுரை சொன்னவரின் மனத்தில் அந்த மரணம் எவ்வளவு கனத்திருக்கும்!

கென்னடியும் தாம் சொன்னபடி நடந்தவரே. 1917 ஜூனில் பெல்ஜியத்தின் மெசின்ஸ் மேட்டைக் கைப்பற்ற பிரிட்டிஷ் படை பூமிக்கடியில் சுரங்கம் தோண்டி 19 வெடிகளை வெடிக்கச் செய்தது. தொடர்ந்து நடந்த சண்டையின்போது, குண்டு மழைக்கு நடுவே இரு தரப்புக்கும் இடைப்பட்ட வெளிக்குள் சென்று, குண்டுக்குழிகளில் கிடந்த காயம்பட்டவர்களைத் தேடி எடுத்து, சிகிச்சை முகாமுக்குக் கொண்டுவந்து சேர்த்தார். அதற்காக மிலிட்டரி கிராஸ் பதக்கம் பெற்றார். மூச்சுத்திணறல் உள்ள ஒருவர் செய்த செயல் அது.

அவருடைய அபிமானிகள் வேகமாகக் கடந்துபோக விரும்பும் பக்கம் ஒன்றும் அவர் வாழ்வில் உண்டு. போர்க்காலத்தில் அவர் பிரிட்டனின் போர் முயற்சியை முழுமனதுடன் ஆதரித்தார். துப்பாக்கிமுனைக் கத்தியால் குத்தும் பயிற்சியை அளித்த பிரிவுடன் இணைந்து, குத்துச்சண்டை வீரர்களும் மல்யுத்த வீரர்களும் அடங்கிய குழுவோடு முகாம் முகாமாகச் சென்று, வீரர்களின் மன உறுதியைத் தூண்டும் உரைகளை ஆற்றினார். அன்பைப் போதிக்கும் மதத்தின் குரு, கத்தியின் பயனைப் பற்றிப் பேசினார். இதை மறைத்துவிட்டு அவர் வரலாற்றை எழுதினால் பிற்கால கென்னடியை நம்மால் புரிந்துகொள்ளவே முடியாது. பின்னாளில் போரை அவ்வளவு கடுமையாக எதிர்த்தவர், போரைத் தள்ளி நின்று பார்த்த பார்வையாளர் இல்லை. அதில் தமக்கும் பங்கு உண்டு என்று அறிந்தவர்.

மாற்றம் ஒரே இரவில் நிகழ்ந்துவிடவில்லை. 1918-இல் வெளிவந்த 'தி ஹார்டஸ்ட் பார்ட்' என்ற நூலிலேயே அதன் தடங்கள் தெரிகின்றன. சிம்மாசனத்தில் அமர்ந்து எல்லாவற்றையும் தம் விருப்பப்படி நடத்தும் சர்வ வல்லமை படைத்த கடவுள் என்ற கருத்தைப் பதுங்குகுழியில் நின்றுகொண்டு நம்ப முடியவில்லை என்று அதில் அவர் வாதிட்டார். துன்புறும் மனிதனோடு சேர்ந்து தாமும் துன்புறும் கடவுளே தாம் கண்ட கடவுள் என்றார். திருச்சபையின் பெரியவர்கள் பலருக்கு இது உவப்பாக இருந்திருக்க முடியாது. பல பத்தாண்டுகள் கழித்து, இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் படையில் இருந்து பிரிட்டனில் போர்க்கைதியாக இருந்த யூர்கன் மோல்ட்மன் என்ற புகழ்பெற்ற இறையியலாளர் இந்நூலின் சிறப்பை எடுத்துக்காட்டி எழுதினார். எதிரிப் படையைச் சேர்ந்த அடுத்த தலைமுறையினர் ஒருவரின் உள்ளத்தை அந்த நூல் தொட்டது.

அதே 1918-இல் அவருடைய கவிதைத் தொகுதியும் வெளிவந்தது. அவற்றுள் பலவற்றைச் சிப்பாய்களின் கொச்சை மொழியிலேயே எழுதினார். இலக்கிய விமர்சகர்கள் அவற்றைப் பெரிதாகப் போற்றவில்லை. ஆனால், எழுத்தறிவு குறைந்தவனும் தன் வாய்மொழியைத் தாளில் கண்டான்.

1918 நவம்பரில் போர் முடிந்தது. பாதிரியார்கள் பலர் சீருடையைக் களைந்துவிட்டுப் பழைய ஆலயங்களுக்குத் திரும்பினார்கள். கென்னடியின் புகழ் அப்போது உச்சத்தில் இருந்தது. அரசர் ஐந்தாம் ஜார்ஜின் குருமார்களுள் ஒருவராக நியமிக்கப்பட்டார். கூட்டம் கூட்டமாக மக்கள் அவர் பேச்சைக் கேட்க வந்தார்கள். அந்தப் புகழை வைத்துக்கொண்டு வசதியான பதவிகளில் ஏறிச் சென்றிருக்கலாம். அவருடைய கண்களோ வேறொன்றைப் பார்த்துக்கொண்டிருந்தன. ரூவான் ரயில் நிலையத்தில் அவர் வழியனுப்பிய இளைஞர்களில் உயிரோடு திரும்பியவர்கள் இங்கிலாந்தின் தெருக்களில் வேலை தேடி அலைந்துகொண்டிருந்தார்கள்.

இந்த இடத்தில் என் துறை சார்ந்த சில எண்களைச் சொல்லியாக வேண்டும். போருக்கு முன் ஏறத்தாழ 65 கோடி பவுண்டாக இருந்த பிரிட்டனின் பொதுக்கடன், போர் முடிந்தபோது 700 கோடி பவுண்டைத் தாண்டிவிட்டது. அரசுக்குக் கடன் கொடுத்தவர்கள் கையில் பத்திரம் இருந்தது. அதில் தொகையும் வட்டியும் தவணையும் தெளிவாக அச்சிடப்பட்டிருந்தன. உயிரையும் கை கால்களையும் கொடுத்த சிப்பாயின் கையிலோ அத்தகைய பத்திரம் ஏதுமில்லை. வீரர்கள் வாழத் தகுந்த வீடுகளைக் கட்டித் தருவோம் என்ற தேர்தல் வாக்குறுதி மட்டும் இருந்தது. அதற்காக 1919-இல் வீட்டு வசதிச் சட்டம் இயற்றப்பட்டது. இரண்டே ஆண்டுகளில், செலவு மிகுந்துவிட்டது என்ற காரணத்தால் அத்திட்டம் சுருக்கப்பட்டது. 1921-இல் வேலையற்றோர் எண்ணிக்கை 20 லட்சத்தைத் தாண்டியது.

1925-இல் நிதியமைச்சர் வின்ஸ்டன் சர்ச்சில், போருக்கு முந்தைய மாற்று மதிப்பிலேயே பவுண்டை மீண்டும் தங்கத்துடன் பிணைத்தார். அன்றைய நிலவரத்துக்கு அது மிக உயர்ந்த மதிப்பு என்று கெய்ன்ஸ் எச்சரித்தார். பணத்தின் மதிப்பு உயர்ந்தால் யாருக்கு லாபம், யாருக்கு நட்டம் என்பது பொருளியலின் அரிச்சுவடி. போர்க்காலத்தில் விலைவாசி உயர்ந்திருந்தபோது மலிவான பவுண்டில் கடன் கொடுத்தவர், விலைகள் சரிந்த பிறகு கனமான பவுண்டில் வட்டி வாங்கினார். ஏற்றுமதியில் போட்டியிட முடியாத நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளிக்கோ கூலி குறைப்பு, கூடுதல் வேலை நேரம் என்ற நெருக்கடி வந்தது. 1926 மே மாதம் நடந்த பொது வேலைநிறுத்தத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது. கூலி குறைக்கப்பட்ட அந்தத் தொழிலாளர்களில் எத்தனையோ பேர், பத்தாண்டுகளுக்கு முன் பதுங்குகுழிகளில் நின்றவர்கள். நாட்டின் ஒரு கடன் கடைசிக் காசு வரை மதிக்கப்பட்டது. இன்னொரு கடன் கணக்கிலேயே ஏறவில்லை.

இதை மேடை மேடையாகச் சொல்லக் கிளம்பியவர்தான் கென்னடி. 1922-இல் அவருக்கு லண்டன் லொம்பார்ட் தெருவில் உள்ள புனித எட்மண்ட் ஆலயம் ஒப்படைக்கப்பட்டது. பொருளியல் படித்தவர்களுக்கு லொம்பார்ட் தெரு என்ற பெயரைக் கேட்டதுமே வால்டர் பேஜட் 1873-இல் அதே பெயரில் எழுதிய புகழ்பெற்ற நூல் நினைவுக்கு வரும். உலகப் பணச் சந்தையின் இதயமாக இருந்த தெரு அது. ஏழைகளின் பாதிரியாரை வங்கிகளின் நடுவே கொண்டுபோய் வைத்தது வரலாற்றின் விசித்திரங்களுள் ஒன்று. அப்பகுதியில் குடியிருப்போர் குறைவு என்பதால் ஆலய வேலையும் குறைவு. அந்த ஓய்வை அவர் ஓய்வாகக் கழிக்கவில்லை. தொழிலுலகில் கிறிஸ்தவ நெறியை வலியுறுத்துவதற்காக அமைந்த இண்டஸ்ட்ரியல் கிறிஸ்டியன் ஃபெல்லோஷிப் என்ற அமைப்பின் சார்பில் நாடெங்கும் பயணம் செய்தார். தொழில் நகரங்களில் பேசினார், எழுதினார். தொழிலாளர் இயக்கம் திருச்சபையின் மீது சுமத்திய குற்றச்சாட்டுகளை 1921-இல் வெளிவந்த 'டெமாக்ரசி அண்ட் தி டாக்-காலர்' என்ற நூலில் ஒவ்வொன்றாக எடுத்து விவாதித்தார். போருக்கு ஆதரவாகப் பேசிய அதே குரல், போர் என்பது மனித உயிர்களின் வீண் விரயம் என்று முழங்கியது.

அவரைச் சோஷலிஸ்ட் என்று சிலர் தூற்றினர், சிலர் போற்றினர். ஆனால், அவர் எந்தக் கட்சியிலும் சேரவில்லை. அரசியல்வாதிகள் பெரும்பாலோர் மீது அவருக்கு நம்பிக்கை இல்லை. பேராசையைக் கண்டித்த அதே மூச்சில் வெறுப்பையும் கண்டித்தார். முதலாளியும் தொழிலாளியும் அவரை ஒருசேரச் சந்தேகித்ததில் வியப்பில்லை. பொருளியலாளன் என்ற முறையில் அவருடைய தீர்வுகளில் எனக்குப் போதாமை தெரிகிறது. மனம் மாறினால் சந்தை தானாகச் சீர்படும் என்று நான் கருதவில்லை. அதற்குச் சட்டமும் வரியும் காப்பீடும் வேண்டும். ஆனால், நோயை அவர் மிகச் சரியாகக் கண்டார். போருக்குத் திரட்ட முடிந்த பணத்தைச் சமாதானத்துக்கு ஏன் திரட்ட முடியவில்லை என்ற வினாவுக்கு அன்றைய பொருளியல் மேதைகள் பலரிடமும் நேரான விடை இல்லை.

அந்த வினா வீண்போகவும் இல்லை. திருச்சபையில் கென்னடியை மிகவும் மதித்தவர்களுள் ஒருவரான வில்லியம் டெம்பிள் பின்னாளில் கேன்டர்பரி பேராயரானார். 1942-இல் அவர் கிறிஸ்தவமும் சமூக ஒழுங்கும் பற்றி எழுதிய நூல் பரவலாகப் படிக்கப்பட்டது. சமூகப் பாதுகாப்புக்கு வழிவகுத்த பெவரிட்ஜ் அறிக்கை வெளிவந்ததும் அதே ஆண்டில்தான். இரண்டாம் போரிலிருந்து திரும்பிய வீரன், முதல் போரிலிருந்து திரும்பியவனைப் போலக் கைவிடப்படக் கூடாது என்ற உணர்வு அப்போது நாட்டில் வலுப்பெற்றிருந்தது. அந்த உணர்வை உருவாக்கியவர்கள் பலர். ஓயாமல் பேசி அதற்கு முன்கூட்டியே உழைத்தவர்களின் வரிசையில் கென்னடிக்கும் இடமுண்டு.

அதைக் காண அவர் உயிரோடு இல்லை. தொடர்ந்த பயணங்களை அந்த நலிந்த நுரையீரல் தாங்கவில்லை. பேசுவதற்காக லிவர்பூல் சென்ற இடத்தில் நோயுற்று, 1929 மார்ச் 8-ஆம் தேதி காலமானார். வயது 45. எமிலியும் மூன்று மகன்களும் தனித்து விடப்பட்டனர். லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அபே ஆலயத்தில் அவரை அடக்கம் செய்ய எழுந்த யோசனை, அவர் ஒரு சோஷலிஸ்ட் என்ற காரணத்தால் நிராகரிக்கப்பட்டதாக அவர் வரலாற்றை எழுதியவர்கள் கூறுகின்றனர். 1920-இல் பெயர் தெரியாத ஒரு போர்வீரனின் உடலை அரச மரியாதையுடன் அடக்கம் செய்த அதே ஆலயம் அது. அந்த அடக்கத்துக்கான யோசனையைத் தந்தவரும் டேவிட் ரெயில்டன் என்ற ராணுவப் பாதிரியார்தான். இறந்த சிப்பாய்க்கு அங்கே இடம் கிடைத்தது. உயிரோடு திரும்பிய சிப்பாய்க்காகப் பேசியவருக்குக் கிடைக்கவில்லை. இறந்தவர்களைப் போற்றுவதற்கு அதிகச் செலவாவதில்லை என்பதை நாடுகள் நன்கு அறிந்திருக்கின்றன.

அவருடைய உடல் வூஸ்டருக்குக் கொண்டுவரப்பட்டது. அங்கே தெருவெங்கும் மக்கள் திரண்டார்கள். பழைய சிப்பாய்கள் வந்தார்கள். யாரோ சிலர் அவருடைய சவப்பெட்டியின் மீது வுட்பைன் சிகரெட் பொட்டலங்களை வைத்தார்கள். இங்கிலாந்துத் திருச்சபை இன்று தன் நாட்காட்டியில் மார்ச் 8-ஆம் நாளை அவருடைய நினைவுக்கும் உரியதாகக் குறித்து வைத்திருக்கிறது.

எல்லா நாடுகளிலும் போர் மூளும்போது வீரனைப் பற்றிய பாடல்கள் பெருகுகின்றன. அவன் ஊன்றுகோலுடன் திரும்பி வந்து ஓய்வூதியத்துக்காக வரிசையில் நிற்கும்போது பாடுவதற்கு ஆளில்லை. போரின் செலவைக் கணக்கிடும்போது குண்டின் விலையையும் கப்பலின் விலையையும் கூட்டுகிறோம். ஊனமுற்றவனின் நாற்பதாண்டு வாழ்க்கை, விதவையின் தனிமை, வேலையற்ற முன்னாள் வீரனின் அவமானம் ஆகியவை அந்தக் கூட்டுத்தொகையில் வருவதில்லை. ஸ்டடர்ட் கென்னடி படித்தது பழைய மொழிகளும் இறையியலும். ஆயினும், நாட்டின் பேரேட்டில் விடுபட்டுப்போன பத்தி எது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ரயில் நிலையத்தில் வழியனுப்பியவர்களை வீடு திரும்பிய பிறகும் விட்டுவிடாமல் பின்தொடர்ந்ததே அவருடைய வாழ்வின் பெருமை.